வாளிக் கதவு

நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீரின் ஆவி, நீல பெயின்ட் அடித்த கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வெளியே தூறல். படிகளுக்குக் கீழே புஷ்பம் நின்றாள். தலையில் துவாய், காதை மூடி ஒரு கம்பளிச் சால்வை, முகத்தில் பிள்ளை பெற்ற களைப்பு. பக்கத்தில் அவளுடைய மாமியார், பச்சைக் குழந்தையைத் துணிப் பொட்டலமாய்ச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார். "வா புஷ்பம். தண்ணி பதமா இருக்கு. ஆறிடப் போகுது."

புஷ்பம் படியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"மிஸ்ஸி, கோவிச்சுக்காதீங்க. நான் இந்தக் கதவால வரமாட்டேன்."

"அடியே, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு!" என்றார் மாமியார். "தொரைமாரு குளிச்ச எடத்துல மிஸ்ஸி வெந்நி போட்டு வச்சிக்கிட்டுக் கூப்பிடுறாங்க. இவளுக்குக் கதவு சரியில்லையாம்!"

"அப்ப நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க அத்தை. நான் புள்ளய வச்சிருக்கேன்."

நான் கதவுக்குப் பின்னால், கையில் சோப்புப் பெட்டியோடு நின்றேன். அந்தக் குளியலறையை வரைந்தது நான். அந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்ததுகூட நான்தான்.

இந்தப் பத்தியில் போன வாரம் உங்களை மலைநாட்டுத் தெமோதரை ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். இந்த வாரம் வீட்டுக்குள் கூட்டிப் போகிறேன். வீட்டுக்குள் என்றால் வீட்டின் கடைசி அறைக்கு. நாங்கள் ஒரு பழைய குளியலறையை உடைத்து, மாற்றி, மறுபடியும் மாற்றிய கதை இது.

சிங்கக் கால் தொட்டி

அம்மா தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்ஸி'. அப்பா தேயிலை அரைக்கும் பெக்டரியில் உத்தியோகம். எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டஸ், ஒரு காலத்துச் சின்னத்துரை பங்களாவின் பாதி. தோட்டம் கைமாறியபோது யாரோ ஒருவர் பங்களாவின் நடுவே பலகைச் சுவர் அடித்து இரண்டு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். பெரிய ஹால் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பெரிய குளியலறை எங்களுக்கு வந்தது.

நான் படுத்த காம்பராவில் கட்டிலை இழுத்தால் அலமாரி திறக்காது. சமைக்கிற குசினியில் அம்மா திரும்பினால் நான் வெளியே வரவேண்டும். குளியலறையிலோ பந்தி போட்டுக் கல்யாணச் சாப்பாடு போடலாம்!

அதன் நட்டநடுவில் ஒரு தொட்டி. இரும்பில் வார்த்து, உள்ளே வெள்ளைப் பூச்சுப் பூசி, கீழே நான்கு சிங்கக் கால்கள் வைத்தது. நகங்கள்கூடத் தெரியும். எந்தத் துரை அதில் மல்லாந்து கிடந்தாரோ தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவரும் அதில் இறங்கியதில்லை. தொட்டிக்குப் பக்கத்து மூலையில் வாளியை வைத்து, குந்தியிருந்து, சிரட்டை அகப்பை மாதிரி ஒரு போணியால் அள்ளி ஊற்றிக்கொள்வோம். தொட்டிக்குள் வெலிமடை உருளைக்கிழங்கு கிடக்கும். அம்மாவின் டிஸ்பென்சரிக் காலிப் பெட்டிகள் கிடக்கும். ஒரு முறை எங்கள் செங்கோழி அதில் அடைகாத்து, குஞ்சுகள் வழுவழுப்பான சுவரில் ஏற முடியாமல் கத்தியதில் அப்பா சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார், ஒரு கன்னம் நுரையோடு.

அறையின் மறுகோடியில், தரையில் சதுரமாய் ஒரு கறை. அதன் பக்கத்தில் வெளிப்புறம் திறக்கும் ஒரு கதவு. மழையில் ஊறி, வீங்கி, தாழ்ப்பாள் துருப்பிடித்து எப்போதும் மூடியே கிடக்கும். வீட்டில் அதற்குப் பெயர் வாளிக் கதவு.

ஏன் அந்தப் பெயர் என்று அம்மா ஒரு முறை சொல்லியிருக்கிறார். கறை இருக்கும் இடத்தில்தான் துரையின் மரப்பெட்டிக் கக்கூஸ் இருந்ததாம். அடியில் ஒரு வாளி. விடியற்காலையில் வாசக்கூட்டி வெளிக் கதவால் வந்து வாளியை எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவி வைப்பாராம். முற்றத்தில் தண்ணீர்க் கக்கூஸ் கட்டியதோடு அந்த வேலை போய்விட்டது. நான் அதை ஒல்லாந்தர் காலத்துக் கதை மாதிரிக் கேட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

சேலைத் திரை

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் பிரசவத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரியாக நடக்கும். அம்மாவுக்குப் பயம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளை பெற்றவளுக்கு நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இலை போட்டுக் கொதித்த வெந்நீர், இடுப்பிலும் முதுகிலும் அடித்து ஊற்றினால்தான் உடம்பு பழையபடி சேரும் என்று நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள், அந்தச் சூடு அவளுக்குத் தேவை. ஆனால் லயத்தில் குளிக்க அறை ஏது? பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி இருக்கிறது. ஐஸ் மாதிரித் தண்ணீர், நாலு பக்கமும் திறந்த வெளி. ஆகவே லயத்துக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒரு சேலையைத் திரையாகப் பிடிக்க, அதற்குள் அவள் குந்துவாள்.

ஒரு முறை அம்மாவோடு நானும் போயிருந்தேன். எல்ல ஊர்ப் பக்கமிருந்து அடித்த காற்றில் சேலை பாய்மரம் மாதிரிப் புடைத்து, பிடித்திருந்தவர்களின் கையை விட்டுப் பறந்தது. வெந்நீரின் ஆவி அவள் மேல் படுவதற்கு முன்னமே மலைப் பக்கம் போய்விட்டது. அவள் இரண்டு கையாலும் மாரை மூடிக்கொண்டு குனிந்தாள். மேல் பாதையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போன ஆண்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் திருப்பவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டு மறுபடியும் பதுளைக்குப் போக வேண்டி வந்தது. பிழைத்துக்கொண்டாள்.

செய்தி வந்த அன்று சாயந்தரம் அம்மா குளியலறை வாசலில் நின்று தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு எடம்," என்றார். "இவ்வளவு எடத்துல கெழங்கு."

டேப்பும் கிராஃப் தாளும்

நான் அப்போது பதுளை டெக்னிக்கல் கொலேஜில் படம் வரையும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதையாவது அளக்க வேண்டும், எதையாவது இடித்துக் கட்ட வேண்டும் என்று கை பறந்துகொண்டிருந்த வயது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டின் உயரத்தை ஜாணால் அளப்பேன். அப்படிப்பட்டவளிடம் அம்மா ஒரு அறையையே தூக்கிக் கொடுத்தார்!

குழந்தைகளின் தலையைச் சுற்றி அளக்கும் அம்மாவின் துணி டேப்பைப் பிடுங்கிக்கொண்டு அறையை அளந்தேன். அப்பா சிரித்தார். "இஞ்சினியரம்மா, செவத்துக்குத் தல பெரிசா இருக்கா சின்னதா இருக்கா?"

இப்போது தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கப் போனார் அம்மா. உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், வெளிச் சுவரில் ஒரு கல் அசையக் கூடாது என்றார் துரை. அதாவது புதுக் கதவு கிடையாது. இருக்கிற இரண்டு கதவுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒன்று, முன் வராந்தாவான இஸ்தோப்பிலிருந்து சின்ன நடை வழியாக வரும் வீட்டுக் கதவு. மற்றது, வாளிக் கதவு.

எனக்கு ஒரு நிமிடம்கூட யோசனை வரவில்லை, விடைதான் வந்தது. குறுக்கே பலகைத் தட்டி. வீட்டுக் கதவுள்ள பாதி எங்களுக்கு. வாளிக் கதவுள்ள பாதி பிள்ளை பெற்றவர்களுக்கு. வெளியே அந்தப் பக்கத்தில்தான் பழைய தண்ணீர் அடுப்பும் இருந்தது. செங்கல் அடுப்பின் மேல் ஒரு தகர பீப்பா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சிகளைக் கட்டுக் கட்டாய் வைத்து எரித்தால், பீப்பாவிலிருந்து குட்டை பைப் ஒன்றில் வெந்நீர் நேரே உள்ளே வரும். யாரும் எங்கள் வீட்டுக்குள் நடக்க வேண்டியதில்லை. என் வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு அங்குலம் வீணில்லை" என்றார். நான் பதுளையிலிருந்து தெமோதரை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்காரத் தோன்றவில்லை.

அப்பாவுக்கும் பிடித்தது. "வசதி," என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் என்ன இருந்தது என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்து ஆட்கள் ஸ்டாஃப் வீட்டுக்கு வந்தால் குசினிப் பக்கம்தான் நிற்பார்கள். முன் இஸ்தோப்பு அவர்களுக்கு இல்லை. எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டத் தேவையும் இருக்கவில்லை.

வேலைக்கு வந்தவர் பியதாச பாஸ். ஹல்துமுல்லைப் பக்கத்து மேசன்; என்னை 'நங்கி', தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். தொட்டியைத் தூக்கி வெளியே போடச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நங்கி, இது கதவால வந்தது இல்லை. தொட்டி வச்சு அப்புறம் செவுரு கட்டியிருக்கு."

"அப்ப எப்படி எடுக்கிறது?"

"வெள்ளைக்காரன் கிட்ட கேளுங்க."

எடுக்க முடியாது என்றானதும் அதை வைத்தே யோசித்தோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தொட்டியைச் சுவரோரமாக இழுத்து, மேலே குறுக்காக ஒரு பலாப் பலகை போட்டோம். பிள்ளை பெற்றவள் குந்த வேண்டாம். பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். ஊற்றும் தண்ணீரெல்லாம் தொட்டிக்குள் விழுந்து அதன் ஓட்டையாலேயே போய்விடும். தரை நனையாது, வழுக்காது. துரை சவரச் சாமான் வைத்த சுவர் மாடத்தை ஆழப்படுத்திக் குழந்தையைக் கிடத்த ஒரு மெத்தை வைத்தோம். அறை நடுவே இத்தனை வருடம் இடத்தை அடைத்துக் கிடந்த சாமான், ஓரத்துக்குப் போனதும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

கடைசியாக வாளிக் கதவைச் சீவி, தாழ்ப்பாள் மாற்றி, நீலம் அடித்தேன்.

முதல் ஆள் புஷ்பம். கொழுந்து பறிப்பவள், வாய்க்குப் பேர் போனவள். அவள் குளித்துவிட்டு லயத்தில் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும், எல்லோரும் வந்துவிடுவார்கள் என்பது அம்மாவின் கணக்கு. அவள் மாட்டேன் என்றால், மறுபடியும் சேலைத் திரைதான்.

புஷ்பத்தின் கேள்வி

"ஏம்மா, படி ஏற முடியலையா?" என்று கதவுக்குள்ளிருந்து கேட்டார் அம்மா.

"படி இல்ல மிஸ்ஸி." புஷ்பம் குரலை உயர்த்தவில்லை. "எங்க மாமா இந்தத் தோட்டத்து வாசக்கூட்டி. நான் கல்யாணம் கட்டி வந்த புதுசுல கோயிலுக்குப் போறப்ப இந்தக் கதவக் காட்டிச் சொன்னாரு. வெடியக்காலையில இதுலதான் வாளி எடுக்க வருவாராம். ஒரு நாளும் அந்த மூலைய தாண்டி உள்ள ஒரு அடி வச்சதில்லையாம். இப்ப அவரு பேத்திய பெத்துக்கிட்டு வந்திருக்கேன். கூப்பிட்டு வெந்நி ஊத்துறேன்னீங்க, ரொம்பச் சந்தோசம். ஆனா அவரு வாளியோட போன கதவால நான் புள்ளயோட வரணுமா?"

மாமியார் குழந்தையின் முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்தார்.

நான்தான் முந்திக்கொண்டேன். "அக்கா, அதெல்லாம் அந்தக் காலம். இப்ப தாழ்ப்பாள் புதுசு, பெயின்ட் புதுசு…"

புஷ்பம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல பெயின்ட் தங்கச்சி. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு. நீங்க இதால போவீங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அந்தக் கதவால் நான் போனதில்லை. அப்பா போனதில்லை. படம் வரைந்தபோது எங்களில் யாரும் போவதாக நான் நினைக்கவுமில்லை.

புஷ்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள். உடம்பில் தெம்பில்லை. மழை நனைக்கிறது. ஒரு எட்டு வைத்தால் சூடான தண்ணீர். கூப்பிடுவது தோட்டத்து மிஸ்ஸி. 'சரிங்க' என்று சொல்வதுதான் லேசு. அவள் அந்த லேசான வழியைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள்; அதையும் ஒருவர் மனமும் புண்படாமல் சொன்னாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். புஷ்பத்தின் தோளில் கை வைத்தார். "வா. முன்னால போவோம்."

முன் இஸ்தோப்பில் அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீட்டிய கால் எதிர்க் கைப்பிடிச் சுவரில். வழி அடைத்துக் கிடந்தது.

"கால எடுங்க," என்றார் அம்மா.

அப்பா எடுத்தார். புஷ்பம் போனாள். மாமியார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கிக்கொண்டு பின்னால் போனார். அப்பாவின் முகத்துக்கு முன்னால் பேப்பர் அசையவே இல்லை.

அன்று வெந்நீரை வாளியில் தூக்கித் தூக்கி எங்கள் பாதிக்குக் கொண்டுவந்தேன். முக்காலியில் உட்கார்ந்திருந்த புஷ்பத்தின் முதுகில் அம்மா அடித்து ஊற்றினார். நொச்சி வாசமும் மிலாறுப் புகையும் அறையை நிறைத்தன.

"சூடு எலும்பு வரைக்கும் போவுது மிஸ்ஸி," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. அப்புறம், "இன்னும் கொஞ்சம்."

படம் திரும்பியது

பொழுது சாய்வதற்குள் புதுப் படம் போட்டுவிட்டேன். கிராஃப் தாளில் இரண்டு பாதியும் இடம் மாறின. இஸ்தோப்புப் பக்கத்துப் பாதி, தொட்டியோடும் பலகையோடும் மாடத்தோடும், வருகிறவர்களுக்கு. வாளிக் கதவுப் பாதி எங்களுக்கு. நடையிலிருந்து எங்கள் பாதிக்கு வேறு வழி கிடையாது. குளிக்க வேண்டுமானால் நாங்கள் வீட்டைச் சுற்றிப் போய் வெளியிலிருந்துதான் நுழைய வேண்டும்.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப நம்ம?"

"இதால," என்று விரலை வைத்தேன்.

"நான் இந்தத் தோட்டத்து ஸ்டாஃப்," என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

"நானும் ஸ்டாஃப்தான்," என்றார் அம்மா.

பியதாச பாஸ் மறுபடியும் வந்தார். தட்டியைக் கழற்றி, சிங்கத்தை மறுபக்கம் இழுத்து, பைப்பை நீட்டினார். "நங்கி, இந்த சிங்கம் இப்ப நல்லா நடக்குது," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "அடுத்த தரம் கூப்பிட்டா தானே வரும்."

வேலை முடிந்த மறுநாள் காலையில் அம்மா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போய் நீலக் கதவைத் திறந்து உள்ளே போனார். கையில் வாளியோடுதான் போனார். பின்னால் நான் போனேன்.

அப்பா போகவில்லை. பெக்டரிக் குழாயில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, காய்ந்த கொழுந்து வாசத்தோடு வீட்டுக்கு வருவார். ஊவாவில் மழை பிடித்துக்கொண்ட மாதம். தும்மல் ஆரம்பித்தது. அம்மா மல்லித்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையில் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். முன்பக்கமாகவே வந்தார்கள். முதலில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பிறகு வாசலில் கழற்றி வைத்துவிட்டு. அப்பாவின் நாற்காலி மெல்ல மெல்ல இஸ்தோப்பின் மறுகோடிக்கு நகர்ந்தது. நாங்கள் யாரும் நகர்த்தவில்லை. ஒரு நாள் நான் குசினியில் இருந்தபோது அவர் குரல் கேட்டது: "உள்ள யாருன்னு பாரு. புள்ளக்காரி ஒருத்தி நிக்குது, தண்ணி கொதிச்சிருச்சா இல்லையா?"

அந்தக் கிழமையே ஒரு காலையில் நீலக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் குசினியில்தான் இருந்தோம். அம்மா எழுந்து போய்த் தண்ணீர் அடுப்பில் இன்னும் இரண்டு மிலாறை வைத்தார்.

இரண்டாவது படி

புஷ்பம் குழந்தையை நிறுக்கக் கொண்டுவந்த காலையில், தூறல் மறுபடியும் பிடித்திருந்தது. நான் அவளைக் கூட்டிவரச் சந்திக்குப் போயிருந்தேன். இருவரும் வீட்டுப் பக்கமாக வரும்போது, நீலக் கதவு திறந்தது. அப்பா. சாரமும் துவாயும், கையில் சோப்புப் பெட்டி, தலை சொட்டச் சொட்ட.

அவர் எங்களைப் பார்த்துவிட்டார். திரும்பி உள்ளே போக முடியாது. இறங்கவும் மனமில்லை. மேல் படியில் நின்றார்.

புஷ்பம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் பார்க்கிற ஒன்றைப் பார்த்த மாதிரிச் சொன்னாள்: "ஐயா, ரெண்டாவது படி பாத்து எறங்குங்க. பாசி புடிச்சிக்கிடும்."

"ஆங்?"

"எங்க மாமா அதுல விழுந்திருக்காரு."

அப்பா குனிந்து படியைப் பார்த்தார். வெளிப்பக்கம் சரிந்து, தேய்ந்து, பச்சை படர்ந்த கல்.

"வாளியோடவா?"

"நெறஞ்ச வாளியோட."

அப்பா சோப்புப் பெட்டியை இடது கைக்கு மாற்றி, வலது கையால் சுவரைப் பிடித்து, அந்தக் கல்லில் காலை வைத்து, மெதுவாக இறங்கினார். கீழே வந்ததும் துவாயால் முகத்தைத் துடைத்தார். வேண்டியதைவிட நீண்ட நேரம் துடைத்தார்.

"பியதாச பாஸ் வந்தா அந்தக் கல்ல கொத்தி மட்டம் பண்ணச் சொல்லணும்," என்றார் என்னிடம். பிறகு புஷ்பத்திடம், "ஓங்க மாமா இப்ப எப்படி இருக்காரு?"

"இருக்காரு ஐயா. கண்ணுதான் கொஞ்சம் மட்டு."

"ஒரு நாளைக்கு வரச் சொல்லு. முன்பக்கமா."

புஷ்பம் குழந்தையைத் தோள் மாற்றினாள். "சொல்றேன். வந்தா என்ன டீ குடுப்பீங்க? லயத்துக்குக் குடுக்கிற கடைசித் தூளு டஸ்டா?"

அப்பா பெக்டரிக்காரர். தேயிலையைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்ல வராது.

"நான் குடிக்கிற டீ," என்றார்.

"அப்ப வருவாரு," என்று சொல்லிவிட்டு, அவள் முன் இஸ்தோப்பைப் பார்த்து நடந்தாள்.